கோபுரத்தடியில் பையோடு நிற்கிறவர்

1

போன சனிக்கிழமை பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் முடி வெட்டப் போன இடத்தில் என் மானம் போனது. முடி ஏற்கெனவே போய்விட்டதால் அன்றைய பெரிய இழப்பு மானம்தான்.

எனக்கு முடி வெட்டுகிற சிவா கிளிநொச்சிப் பக்கத்து ஆள். பாரிஸுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. வந்த புதிதில் எல்லோருக்கும் இருக்கிற ஆர்வம் அவனுக்கும் இருக்கிறது. எனக்குப் பின்னால் நின்று, கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணை, நீங்கள் இஞ்சை கனகாலம்தானே. ஈஃபில் கோபுரத்தின்ரை உச்சியிலை நிண்டு பாத்தா என்ன தெரியும்?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது எனக்குப் பொய் வராது.

"சுத்திவரப் பாலைவனம் தெரியும்" என்றேன். "அதுக்கங்காலை மொட்டை மலையள். முன்னுக்கு ஒரு குளம், அதிலை தண்ணி பாட்டுக்கு ஏத்தமாதிரி ஆடும். இஞ்சாலை பக்கம் பிளேன் இறங்கும்."

கத்தி நின்றது. முறை வரும்வரை கைத்தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார்.

"தம்பி சிவா, அண்ணைக்கு எங்கையோ ஆழமா வெட்டிப்போட்டாய் போல. ரத்தம் வருதோ பார்."

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. ஆனால் நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் ஏறிய ஈஃபில் கோபுரத்திலிருந்து பார்த்தால் பாலைவனம்தான் தெரியும். அது நிற்கிற இடம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். பாரிஸில் நிற்கிற மூலக் கோபுரத்தில் நான் இன்றுவரை ஏறியதில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் காரணத்தையும் கேளுங்கள்.

2

பாரிஸில் இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் கோடையில் விருந்தினர் வருவார்கள். லண்டனிலிருந்து மச்சாள், கனடாவிலிருந்து சித்தப்பா, ஜேர்மனியிலிருந்து யாரென்றே தெரியாத, ஆனால் மிக நெருங்கிய ஒரு சொந்தம். வருகிறவர்களுக்கு வழக்கமான சுற்று ஒன்று உண்டு. எங்களைப் போன்ற கத்தோலிக்கர் என்றால் லூர்து மாதா. பிறகு லா சப்பலில் ரூ காய்த் தெருவில் சேலையும் மரக்கறியும் கொத்துரொட்டியும். கடைசியில் ஈஃபில் கோபுரம்.

கோபுரத்துக்குப் போகும்போது நாங்கள் வெறுங்கையோடு போவதில்லை. வெளியில் சாப்பாடு வாங்குவது வீட்டுக்காரிக்கு அவமானம். ஆகவே சோற்றுப் பார்சல், ரோல்ஸ், பிளாஸ்கில் தேநீர், குழந்தைக்குப் பால், மழை வந்தால் குடை, வெய்யில் வந்தால் அதே குடை. எல்லாம் ஒரு பெரிய பைக்குள். அந்தப் பையோடு மேலே ஏற விடமாட்டார்கள். அப்படியானால் யாராவது ஒருவர் பையோடு கீழே நிற்க வேண்டும். விருந்தினரை நிற்கச் சொல்ல முடியுமா? வீட்டுக்காரர்தான் நிற்க வேண்டும்.

"நீங்களும் வாங்கோவன்" என்று மரியாதைக்கு ஒருமுறை கேட்பார்கள்.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் எப்ப வேணுமெண்டாலும் ஏறலாம்தானே."

இந்த ஒரு வசனத்தைச் சொல்லியே என் இளமை போய்விட்டது. வாரம் முழுவதும் ரொய்ஸி விமான நிலையத்தில் மற்றவர்களின் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவன் நான். விடுமுறை நாளில் அதே வேலையைக் கோபுரத்தடியில் செய்தேன். ஒரே வித்தியாசம், விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருக்கிற ரோல்ஸை நான் சாப்பிட முடியாது.

என் மனைவி ரெஜினா விருந்தினரோடு ஏறுவாள். எங்கள் ஒரே பிள்ளை மெலனியையும் கூட்டிக்கொண்டு போவாள். சிறு வயதில் மெலனி இறங்கி ஓடிவந்து கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அப்பா, நான் மேலை நிண்டு கை காட்டினன். கண்டனீங்களோ?"

"கண்டனான், கண்டனான்."

அவ்வளவு உயரத்தில் யார் கை, யார் கால் என்று எந்த மனிதக் கண்ணுக்குத் தெரியும்? ஆனாலும் கண்டேன் என்றேன். ஒவ்வொரு கோடையும் கண்டேன்.

3

அந்த மெலனி வளர்ந்து பிரெஞ்சுக்காரியாகிவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். என் பிரெஞ்சைத் திருத்துவாள். ஹோட்டல் நிர்வாகம் படித்தாள். ஒரு வருடப் பயிற்சி என்று லாஸ் வேகாஸுக்குப் போனாள். வருடம் முடிகிற நேரத்தில் தொலைபேசியில் சொன்னாள், ஹோட்டலில் நிரந்தர வேலை தருகிறார்களாம், விசாவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

"நீ என்ன சொன்னனி?" என்றாள் ரெஜினா.

"ஒண்டும் சொல்லேல்லை. அப்பா ஒருக்கா வந்து பாக்கட்டும். பிறகு கதைப்பம்" என்றாள், வழக்கம்போலப் பிரெஞ்சில்.

அன்றிலிருந்து எங்கள் கூசேன்வில் வீட்டில் ஒரே பேச்சுத்தான். மெலனியின் அறையில் கட்டில் விரிப்பு வாராவாரம் மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது, படுக்க ஆள் இல்லாமலே. எனக்குக் கட்டளை தெளிவாகக் கிடைத்தது.

"இஞ்சாருங்கோ, ஊர் சுத்திப் பாக்கப் போறன் எண்டு நினைக்காதையுங்கோ. பிள்ளையோடை வடிவாக் கதைச்சு, கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்கடை பகிடியளை இஞ்சை வச்சிட்டுப் போங்கோ."

பகிடியை வைத்துவிட்டுப் போனால் என்னிடம் வேறு என்ன மிஞ்சும் என்று கேட்க நினைத்தேன். அவள் அப்போது ரூ காயில் வாங்கிய சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, பருத்தித்துறை வடை, இரண்டு மூன்று உறைகளுக்குள் கருவாடு.

"இதுகளை அமெரிக்காவுக்குள்ளை விடமாட்டாங்கள். நான் விமான நிலையத்திலை வேலை செய்யிறவன், சொல்லுறதைக் கேள்."

"நீங்கள் பெட்டி தூக்கிறவர். திறந்து பாக்கிறவர் இல்லையே."

பெட்டியை நானே பூட்டினேன்.

4

அமெரிக்காவில் முதலில் இறங்கிய இடத்தில் கடவுச்சீட்டு பார்க்கிறவர் பெரிய உருவம், சிறிய கண். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஆங்கிலம், பிரெஞ்சு வந்து குடியேறியதும் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டது. அதை வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

எதற்கு வந்தீர் என்று கேட்டார். டூரிஸ்ட் என்றேன். என்ன பார்க்கப் போகிறீர் என்று கேட்டார். அந்த ஊரில் இருக்கிற ஒன்றின் பெயரும் வாயில் வரவில்லை. மெலனி தொலைபேசியில் காட்டிய படம் ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது.

"ஈஃபில் டவர்."

அவர் கடவுச்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கடவுச்சீட்டைப் பார்த்தார்.

"நீர் பாரிஸிலிருந்து வருகிறீர்."

"ஓம். வீ. யெஸ்."

"பாரிஸிலிருந்து, ஈஃபில் கோபுரம் பார்க்க, அமெரிக்காவுக்கு வந்திருக்கிறீர்."

"யெஸ். பாரிஸில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை."

அவர் பக்கத்துக் கூண்டுக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிரான்ஸில் விசாவுக்காக நான் நின்ற வரிசைகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அங்கே உண்மையைச் சொல்லிச் சொல்லிக் களைத்தேன், எவரும் நம்பவில்லை. இங்கே உண்மையைச் சொன்னதும் சிரித்தே முத்திரை குத்திவிட்டார்கள்.

பெட்டி திறக்கிற இடத்திலும் கடவுள் இருந்தார். ஒருவர் கருவாட்டு உறையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். உடனே திருப்பி வைத்து, பெட்டியைத் தானே மூடி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பறித்தால் தன் மேசையில் வைத்திருக்க வேண்டி வரும் என்று யோசித்திருப்பார்.

5

லாஸ் வேகாஸ் எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

விமானத்திலிருந்து இறங்கியதும் சூதாட்ட யந்திரங்கள் நிற்கின்றன. பெட்டி வருமுன் பணத்தை விடலாம். மரக்கறி வாங்கப் போன கடையிலும் வாசலில் அதே யந்திரங்கள். பால் வாங்க வந்த ஒரு அம்மா, பாலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். பெரிய சூதாட்ட மண்டபங்களுக்குள் நான் தேடிய ஒன்று மட்டும் கண்ணில் படவேயில்லை: மணிக்கூடு. ஒரு ஹோட்டலின் கூரையில் வானம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதன் கீழே எப்போதும் பின்னேரம். வெளியே வந்தால் உச்சிவெய்யில் தலையில் அடிக்கும். வவுனியா வெய்யில் கண்டவன் என்று நான் வாய்காட்டியிருந்தேன். தெருவைக் கடப்பதற்குள் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே வெனிஸ் இருக்கிறது, வாய்க்காலும் படகும் சேர்த்து. எகிப்துப் பிரமிட் இருக்கிறது. நியூயோர்க் இருக்கிறது. ஆறேழு விமானச் சீட்டு எடுத்துப் பார்க்க வேண்டிய உலகத்தைச் செருப்புத் தேயாமல் பார்த்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் கலியாணம் செய்துவைக்கிற சிறு தேவாலயங்கள் தெருவுக்குத் தெரு. காரை விட்டு இறங்காமலே தாலி கட்டலாமாம். எங்கள் லா சப்பல் என்ற பெயருக்கே சிறு தேவாலயம் என்றுதான் அர்த்தம். ஆனால் அங்கே நாங்கள் போவது கத்தரிக்காய் வாங்க.

எனக்கு மிகவும் பிடித்த செய்தியை மெலனி கார் ஓட்டிக்கொண்டே சொன்னாள். உலகமே லாஸ் வேகாஸ் என்று படம் எடுக்கிற அந்த மின்னும் தெரு, உண்மையில் லாஸ் வேகாஸ் மாநகர எல்லைக்குள் இல்லையாம். எல்லைக்கு வெளியே இருக்கிறதாம்.

"அப்ப அதுவும் எங்களை மாதிரித்தான்" என்றேன். பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் பாரிஸில் இருக்கிறேன் என்று சொல்கிறவன் அல்லவா நான். அந்தத் தெருவின் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

மெலனி இருக்கிற பக்கம் வேறு ஊர். மண் நிற வீடுகள், முற்றத்தில் புல்லுக்குப் பதில் கல்லும் கள்ளிச்செடியும். தண்ணீருக்கு அவ்வளவு கட்டுப்பாடு. பக்கத்து வீட்டில் பிலிப்பீன்ஸ் குடும்பம், எதிரில் எத்தியோப்பியர். எல்லோரும் ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள். ஒளி வெள்ளத்தைத் துடைத்து, கட்டில் விரித்து, கோப்பை கழுவி வைக்கிறவர்கள். எனக்கு லா சப்பலில் நிற்கிற மாதிரி இருந்தது. எத்தியோப்பியப் பெண்ணுக்கு மெலனி வடையில் பாதியைக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் ரெஜினா ரோல்ஸைத் தட்டில் வைத்துப் பக்கத்து அல்ஜீரியக் குடும்பத்துக்குக் கொடுக்கிற அதே கைப்பாங்கு.

விமானத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. 'அம்மா பாவம்' என்று தொடங்கும். இரண்டு தடவை தொண்டைவரை வந்தது. ஒருமுறை அவள் கள்ளிச்செடி பூத்திருப்பதைக் காட்டினாள். மற்றமுறை தொலைபேசி அடித்தது. அவள் எடுத்து, எங்கிருந்தோ வருகிற விருந்தினர் ஒருவருக்கு, எந்த வாசலில் இறங்க வேண்டும், எந்த நேரம் வெய்யில் குறையும், தண்ணீர்ப் போத்தல் எங்கே மலிவு என்றெல்லாம் சொன்னாள். நடுவில் "எங்கடை ஊரிலை" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். என் ஆங்கிலத்துக்கும் அது விளங்கிவிட்டது.

6

கடைசி நாளுக்கு முதல்நாள் என்னைப் பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதாவது, பாரிஸ் மாதிரிச் செய்த ஹோட்டலுக்கு. மூலத்தில் பாதி உயரத்தில் ஈஃபில் கோபுரம். அதன் கால்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே சூதாட்ட மண்டபத்தில் வந்து ஊன்றியிருக்கின்றன. காலடியில் ஆட்கள் காசு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வாசலில் நின்ற இளைஞன் தொப்பியைத் தொட்டு "பொன்ஜூர்!" என்றான். நான் பழக்கதோஷத்தில் பதிலுக்குச் சுகம் விசாரித்து, வெய்யிலைப் பற்றி முறைப்பட்டு, கழிவறை எங்கே என்றும் கேட்டுவிட்டேன், எல்லாம் பிரெஞ்சில். அவன் திகைத்துப்போனான். அவனுக்கு அந்த ஒரு சொல்தான் தெரியுமாம்.

"ஐயோ, நீங்கள் உண்மையான பிரெஞ்சுக்காரர்!" என்று ஆங்கிலத்தில் கத்தினான். கூட வேலை செய்கிற பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினான்.

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு எடுத்து இத்தனை காலத்தில் என்னை முதன்முதலாகப் பிரெஞ்சுக்காரர் என்று சொன்ன மனிதன் அவன்தான். மெலனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, இதை ஆரும் லா சப்பலிலை கேட்டா நம்பமாட்டினம்" என்றாள் பிரெஞ்சில்.

"லா சப்பல் எங்கை இஞ்சை?" என்று கேட்டேன். "பாரிஸ் எண்டு கட்டியிருக்கிறாங்கள். கார் து நோர் ஸ்டேஷன் இல்லை. மெத்ரோ வாசலிலை சிகரெட் சிகரெட் எண்டு கூப்பிடுற பெடியள் இல்லை. கொத்துற சத்தமும் இல்லை. அரைவாசிதான் கட்டினவங்கள் எண்டது உண்மைதான்."

மேலே போகிற மின்தூக்கிக்குச் சீட்டு எடுக்கிற இடத்துக்கு வந்தோம். அவள் ஒரு சீட்டுத்தான் எடுத்தாள்.

என் தோளில் பெரிய பை இருந்தது. காலையில் நான் அவித்த புட்டும் சம்பலும், தண்ணீர்ப் போத்தல்கள், குடை. பழக்கம் விடுமா? பையைப் பற்றி அங்கே எவரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே என் தோளிலிருந்து அதைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ வரேல்லையோ?"

"நீங்கள் போட்டு வாங்கோ அப்பா. நான் வெளியிலை நிழலிலை நிக்கிறன். நான் எப்ப வேணுமெண்டாலும் ஏறலாம்தானே."

தமிழில் சொன்னாள். என் வசனத்தை, என் இழுப்போடு, ஒரு எழுத்தும் குறையாமல் சொன்னாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஒரு வரியமா இஞ்சை இருக்கிறாய். ஒருக்காவும் ஏறேல்லையோ?"

"எங்கை அப்பா நேரம்? வாற ஆக்களை அனுப்பிறதோடை சரி."

மின்தூக்கி வந்தது. ஏறினேன்.

உச்சியில் கம்பி வலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சிவாவிடம் சொன்னதெல்லாம் தெரிந்தது. பாலைவனம், மொட்டை மலை, பாட்டுக்கு ஆடுகிற தண்ணீர், விமானம் இறங்குகிற ஓடுபாதை. அந்த விமானங்களுக்குக் கீழும் என்னைப் போல ஒருவன் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். பிறகு கீழே பார்த்தேன். நடைபாதையில் நிழல் விழுகிற ஒடுங்கிய துண்டில் புள்ளிகளாக ஆட்கள். அதில் ஏதோ ஒன்று மெலனி. எது என்று தெரியவில்லை. ஆனாலும் கையைத் தூக்கி ஆட்டினேன். பக்கத்தில் நின்ற சீனக் குழந்தையும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது.

'அம்மா பாவம்' என்ற பேச்சு அங்கேயே, அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. பையோடு கீழே நிற்கிறவரிடம் எந்த ஊருக்குத் திரும்பிப் போகிறாய் என்று யாராவது கேட்பார்களா?

இறங்கி வந்தபோது அவள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வியர்வை.

"மேலை நிண்டு கை காட்டினன். கண்டனியோ?"

"கண்டனான் அப்பா" என்றாள், உடனே, தலையை நிமிர்த்தாமல்.

அந்தக் 'கண்டனான்' எவ்வளவு உண்மை என்று உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"இருந்திடு பிள்ளை" என்றேன்.

"எங்கை?"

"இஞ்சைதான். உன்ரை ஊரிலை."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அதே நிழல் துண்டில் இருவரும் நின்றபடி புட்டுச் சாப்பிட்டோம். தண்ணீர் எதிர்ப்பக்கம் ஆடியது.

7

ரொய்ஸியில் நான் வெளியே வந்தபோது ரெஜினா காத்திருந்தாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பின்னால் யாரோ ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தார்.

காரை எடுத்தாள். கூசேன்வில் வழியில் பாதித் தூரம் வந்தபிறகு கேட்டாள்.

"என்னவாம்?"

"அந்த ஊர்க் கோபுரத்திலை ஏறினனான்."

"பையை ஆர் வச்சிருந்தது?"

"அவள்தான். கீழை நிண்டவள். எப்ப வேணுமெண்டாலும் ஏறலாம்தானே எண்டவள்."

ரெஜினா கண்ணாடியில் பின்னால் வருகிற வாகனத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை.

"அப்ப அந்த அறைக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கிப் போடுவம்" என்றாள். "வந்து போற ஆக்களுக்கு வசதியா இருக்கவேணும். நத்தார்ப் பண்டிகைக்கு வரச்சொல்லுங்கோ."

"ஓம்."

"வந்தா ஈஃபிலுக்குக் கூட்டிக்கொண்டு போவம். நீங்கள் அவளோடை ஏறுங்கோ. நான் போதுமெண்ட மட்டும் ஏறிட்டன். இந்தமுறை நான் பையோடை கீழை நிக்கிறன்."

"நத்தார் நேரம் அங்கை காத்து அடிக்கும் ரெஜினா. விறைச்சுப் போவாய்."

"பரவாயில்லை. மேலை நிண்டு ரெண்டு பேரும் கை காட்டுங்கோ."

"உனக்குத் தெரியாதடி. எல்லாம் புள்ளி மாதிரித்தான் இருக்கும்."

"தெரியாட்டி என்ன?" என்றாள். "கண்டனான் எண்டு சொல்லுறன்."